ஐஸ் பெட்டியில் பூட்டு

சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோவது என் தொழில். ஃபோன் வரும். எந்த ஊர், எந்தத் தெரு, ஆணா பெண்ணா என்று கேட்பேன். குட்டி யானை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போவேன். இறக்கி, ஒயரைச் செருகி, மோட்டார் ஓடுகிறதா என்று காது வைத்துப் பார்ப்பேன். பிறகு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துவிடுவேன். துக்கம் விசாரிக்க மாட்டேன். அழ மாட்டேன். பெட்டிக்காரன் அழுதால் வீட்டுக்காரர்கள் பயந்துவிடுவார்கள்.

அதனால் எனக்குப் பேச்சு குறைவு. என் பங்கையும் சேர்த்து என் வீட்டுக்காரி பேசிவிடுவாள்.

ஒப்பாரியில் அவளை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது. காஞ்சிபுரத்தில் இருந்து வாலாஜாபாத் வரைக்கும் சொந்தத்தில் எங்கே சாவு விழுந்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். முட்டி போன பிறகு அவள் எங்கேயும் போவதில்லை. நடக்கிற தூரம் எங்கள் வாசலில் இருந்து எதிரே இருக்கிற சர்ச் வரைக்கும். நடுவில் ஒரு தெரு. அதைத் தாண்டுவதற்குள் ஒரு பாட்டு பாடி முடித்துவிடலாம்.

அந்தச் சர்ச்சைத்தான் பூட்டப் போவதாகச் சொன்னார்கள்.

சின்ன சர்ச். சிமெண்ட் ஷீட் கூரை. பிள்ளைகள் ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். சிலர் பைபாஸ் பக்கம் புதிதாக வந்த ஜெப வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஏசி உண்டு, டிரம்ஸ் உண்டு, கலர் விளக்கு உண்டு. எங்களுக்கு இருப்பது ஒரே ஃபேன். அதுவும் கர்த்தருக்குச் சித்தமானால் சுற்றும். மீந்தது வயசானவர்கள். போதகர் பல சபைகளைச் சுற்றுகிறவர், எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் நான் மணி அடிப்பேன். அவள் பாட்டு எடுப்பாள். யாராவது ஜெபிப்பார்கள். வீட்டுக்குப் போவோம்.

ஒரு நாள் தலைமை ஆபீஸில் இருந்து ஒருத்தர் வந்தார். தலைகளை எண்ணினார். தூங்குகிறவரையும் எண்ண வேண்டுமா என்று போதகரிடம் கேட்டார். பிறகு சொன்னார்: அடுத்த மாதக் கடைசி ஞாயிறோடு மூடிவிடலாம், எல்லாரும் வாலாஜாபாத் சபைக்குப் போகலாம், பஸ் இருக்கிறது. பையில் இருந்து ஒரு பூட்டை எடுத்துப் போதகர் கையில் வைத்தார். பித்தளைப் பூட்டு. உள்ளங்கையை விடப் பெரிசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

"பஸ் இருக்குதாம்," என்றாள் என் வீட்டுக்காரி. "ஏறதுக்கு முட்டி இருக்குதான்னு கேட்டாரா அந்த ஆளு?"

என் வண்டியில் கூட்டிப் போகலாம். ஆனால் அந்த வண்டியில் உயிரோடு ஏற மாட்டேன் என்பது அவள் சத்தியம். நான் வண்டி வாங்கிய அன்றைக்கே சொல்லிவிட்டாள். ஆகையால் சர்ச்சைப் பூட்டினால் அவளையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டின மாதிரிதான். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

போதகர் சின்ன வயசு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பூட்டை வாங்கிக்கொண்ட அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அடுத்த முறை வந்தபோது சொன்னார்:

"பூட்டுறதுக்கு முன்னால ஒரு நாள் எல்லாரும் கூடி கர்த்தர்கிட்ட புலம்புவோம். அந்தக் காலத்துல கஷ்டம் வந்தா ஜனங்க அப்படித்தான் செஞ்சாங்க. ஊரே கூடி அழுதுச்சு. நாம என்னடான்னா ஆமென் மட்டும் சொல்லிக்கிட்டிருக்கோம்லா."

எல்லாரும் ஆமென் என்றோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடினோம். போதகர் ஜெபித்தார். ஒரு பாட்டு பாடினோம். "இப்ப புலம்புவோம்," என்று சொல்லிக் கண்ணை மூடினார்.

யாரும் புலம்பவில்லை. ஃபேன் சத்தம் கேட்டது. ஒரு அம்மா இருமினாள். போதகர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"இன்னா ஐயா, நிறுத்திட்டீங்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

"நான் நிறுத்தலம்மா. நீங்கதான் ஆரம்பிக்கணும்."

"அழவா?"

"ஆமா."

"யாரு செத்தாங்க?"

"யாரும் சாகலம்மா. சபை கஷ்டத்துல இருக்குல்லா, அதுக்கு."

அவள் யோசித்தாள். "கோச்சிக்காதீங்க ஐயா. ஒப்பாரின்னா மொறை வேணும். அம்மாவுக்கு அழறது வேற. வூட்டுக்காரருக்கு அழறது வேற. நாத்தனாருக்கு வேற. சபை எங்களுக்கு இன்னா மொறை?"

"தாய் மாதிரின்னு வெச்சுக்கிடுங்க."

பின்பக்கம் இருந்து ஒரு அம்மா கேட்டாள்: "போன மாசம் மணவாட்டின்னு பிரசங்கம் பண்ணீங்களே ஐயா?"

"அதுவும்தான்."

"அப்ப நமக்கு மருமவளா?"

"இல்லம்மா, கர்த்தருக்கு மணவாட்டி, நமக்கு..." போதகர் அங்கேயே நின்றுவிட்டார்.

"மருமவளுக்கு எவ அழுவா?" என்றாள் அந்த அம்மா. புலம்பக் கூடின கூட்டம் சிரித்துவிட்டது. மருமகள் இல்லாதவள்கூடச் சிரித்தாள்.

போதகர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. தாய்னே வெச்சுக்கிடுவோம். அழுங்க."

"தாய்ன்னா நடுவுல படுத்துக்கினு இருக்கணும் ஐயா. வெறுந்தரையப் பாத்துக்கினு எப்பிடி அழறது?" என் வீட்டுக்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். "யோவ். பொட்டிய எறக்கு."

"வேண்டாம்மா," என்றார் போதகர். அதற்குள் நான் வண்டிக்குப் போய்விட்டேன். அவள் சொன்னால் செய்வது எனக்குப் பழக்கம்.

பெட்டியை நடுவில் வைத்தோம். தலைமாடு பீடத்துப் பக்கமா வாசல் பக்கமா என்று கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது. பீடத்துப் பக்கம் என்று முடிவானது. ஒயரைச் செருகினேன். மோட்டார் உறுமியது. அந்தச் சத்தம் கேட்டதும் பெண்களின் கை தானாகக் கொண்டைக்குப் போய் முடியை அவிழ்த்தது. பெஞ்சை விட்டு இறங்கி, பெட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தோளில் இன்னொருத்தி கை போட்டாள்.

ஆனாலும் அழவில்லை.

"காலிப் பொட்டிக்கு அழக்கூடாது," என்றாள் ஒருத்தி. "காலிப் பொட்டி ஆள் கேக்கும்."

அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எல்லாக் கண்ணும் ஒரு நிமிஷம் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் பக்கம் போனது. அவர் சட்டென்று விழித்து நேராக உட்கார்ந்தார்.

எதை உள்ளே வைப்பது? பீடத்துத் துணி என்றார்கள். ஈரமாகிவிடும். மணி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அடிக்க வேண்டும். அப்போது என் வீட்டுக்காரி சொன்னாள்: "ஐயா பையில பூட்டு இருக்குதே."

போதகர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அம்மா, அது ஆபீஸ் பூட்டு."

"அதனாலதானே அழறோம்."

போதகர் பையைத் திறந்தார். எடுத்துக் கொடுத்தார். நான் வெள்ளைத் துணி விரித்து, உறையைப் பிரித்து, பூட்டை நடுவில் வைத்தேன். பெரிய பெட்டி, சின்னப் பூட்டு. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணி தேடினேன். கை பழகிவிட்டது. பிறகு ஞாபகம் வந்து மூடியை மூடினேன்.

என் வீட்டுக்காரி எடுத்தாள்.

ஊருக்கு வெளக்கேத்தி, என் ஐயா,
ஒலகுக்கே வழி சொன்னே.
ஒன் வூட்டு வாசலுக்கு
ஒரு பூட்டு வந்து சேந்துச்சே.

பட்டு விக்கும் சீமையில, என் ஐயா,
பத்து கோயில் தொறந்திருக்கு.
பாவி வர்ற ஒரு வாசல், அதைப்
பாத்துக்க நேரமில்லையோ?

போதகர் திடுக்கிட்டார். அவள் பூட்டுக்கு அழவில்லை. தாய்க்கும் அழவில்லை. கர்த்தரை முறை வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் செத்தவரைத்தான் திட்டுவார்கள், ஏன் என்னை விட்டுப் போனாய் என்று. அவள் உயிரோடு இருக்கிறவரைத் திட்டினாள். தடுக்க வாயைத் திறந்த போதகர், மூடிக்கொண்டார்.

மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி ஜெப வீட்டுக்குப் போன மகளைச் சொல்லி அழுதாள். ஒருத்தி கம்பெனி ஷிப்டில் இருந்து கூப்பிடாத மகனைச் சொல்லி அழுதாள். தூங்கி எழுந்த பெரியவர் எதற்கென்று சொல்லாமல் அழுதார். நான் வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தேன்.

எங்களுக்கு அடுத்த தெரு நெசவுக்காரர்கள் தெரு. பகல் முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும். அது ஒவ்வொன்றாக நின்றது. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் பத்திரிகை வைத்தால், அந்தத் தெருக்காரர்கள் மண்டப வாசலிலேயே மொய் எழுதிவிட்டுப் போவார்கள். இலையில் உட்கார மாட்டார்கள். சாவு என்றால் மட்டும் உள்ளே வந்துவிடுவார்கள். சாவுக்கு அழைப்பு கிடையாது. அழுகுரல்தான் அழைப்பு.

முதலில் ஒரு நெசவுக்கார அம்மா வந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். முடியை வழியிலேயே அவிழ்த்துக்கொண்டு வந்தாள். அடுத்து முனையில் இரும்புக் கடை வைத்திருக்கிற பாய், பெரிய ரோஜா மாலையோடு. பிறகு கட்சிக்காரர் ஒருத்தர், சின்ன மாலையோடு. பிறகு எங்கள் காலனி மேளக்காரர்கள். யாரும் சொல்லாமலே வந்து, ஓரமாக வைக்கோல் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சினார்கள்.

யார் என்று எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதை இல்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டிக் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் மாலையைப் போட்டுவிட்டு, சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து ஒருத்தரை ஒருத்தர் மெதுவாகக் கேட்டுக்கொண்டார்கள். கட்சிக்காரர் என்னிடம் வந்தார்.

"ஃபோட்டோ ஒண்ணு குடுங்கண்ணே. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிச்சிடலாம். வயசு இன்னா?"

"புதுசு," என்றேன்.

"சின்ன வயசா? அடப்பாவமே. ஆக்சிடெண்டா?"

"இல்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

நெசவுக்கார அம்மாதான் கண்டுபிடித்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். இன்னொரு முறை துடைத்தாள்.

"எவரும்மா இது? பூட்டு மாதிரி இருக்குது?"

"பூட்டுதாம்மா," என்றாள் என் வீட்டுக்காரி.

மேளம் நின்றது.

"பூட்டுக்கா அழறீங்க?"

"எங்க சாமி வூட்ட மூடப் போறாங்க. அதுக்கு அழறோம்."

சண்டை வரும் என்று நான் வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். தறியை நிறுத்திவிட்டு வந்தவள் அவள். கொஞ்ச நேரம் பூட்டையே பார்த்தாள்.

"சாவி எங்க?"

"அந்த ஆளு எடுத்துக்கினு போயிட்டாரு."

அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். "அய்யோ ராமா! சாவி இல்லாத பூட்டா!" என்று சொல்லி முன்னை விடச் சத்தமாக அழுதாள். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஃபோன் வந்தது. ஐயம்பேட்டையில் ஒரு தாத்தா போய்விட்டார். உடனே பெட்டி வேண்டும்.

"பொட்டி இப்ப ஒரு எடத்துல இருக்குது," என்றேன்.

"எப்ப எடுப்பாங்கண்ணே?"

அதை நான் எப்படிச் சொல்வேன்? உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். போதகர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எடுத்துட்டுப் போங்கண்ணே. போதும். முடிச்சுக்கிடுவோம்," என்று மூடியைத் திறந்து பூட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

"ஐயா!" என்று நெசவுக்கார அம்மா அவர் கையைப் பிடித்தாள். "மாலை போட்டாச்சு. மேளம் அடிச்சாச்சு. பொட்டிய விட்டு எடுத்தா நேரா மண்ணுக்குத்தான். மறுபடி பைக்குள்ள போட்டுக்கினு போவீங்களா?"

"ஏம்மா, நான் ஆபீஸுக்குப் பதில் சொல்லணும்மா."

"பாஸ்டரு, எந்தச் சாவுக்குத்தான் பதில் சொல்லாம இருக்க முடியும்?" என்றார் பாய்.

"நமக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாதுல்லா?" போதகர் என் வீட்டுக்காரியைப் பார்த்தார். கடைசித் துணை அவள்தான் என்று நினைத்திருப்பார்.

"நமக்குக் கெடையாது ஐயா. அவங்களுக்கு இருக்குது. வேலைய வுட்டுட்டு வந்து மாலை போட்டிருக்காங்க. நாளைக்கு அந்தத் தெருவுல ஒரு கொழந்தைக்கு சுரம் வந்தா, அழுதுட்டு எடுக்காம வுட்டாங்கன்னு நம்மளத்தான் சொல்லுவாங்க. எடுத்துடுங்க."

எடுத்தோம்.

பூட்டைப் பாடையில் வைக்க முடியாது. கையில் கொண்டுபோனால் மரியாதை இல்லை. ஒரு துண்டை விரித்து, நடுவில் பூட்டை வைத்து, நாலு ஆள் நாலு முனையைப் பிடித்தார்கள். பூட்டை விட மாலை கனம். முனை பிடித்தவர்களில் கட்சிக்காரரும் ஒருத்தர். உள்ளே இருப்பது பூட்டு என்று தெரிந்த பிறகும் அவர் விடவில்லை. வந்தாச்சு, இனி பாதியில் போனால் நன்றாக இருக்காது என்றார். என் வீட்டுக்காரியால் நடக்க முடியாது. சர்ச் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு பின்னால் மெதுவாக ஓட்டினேன். கல்லறையைத் தாண்டித்தான் ஐயம்பேட்டை போக வேண்டும்.

ரோட்டில் ஒரு வேன் எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கோயில் பார்த்துவிட்டுப் பட்டு எடுக்கப் போகிற வெளியூர்க் கூட்டம். டிரைவர் தலையை நீட்டினார்.

"குழந்தையா சார்?"

"இல்ல."

வேனுக்குள் எல்லாரும் கும்பிட்டார்கள்.

கல்லறைக்குச் சேதி முன்னாலேயே போயிருந்தது. குழி வெட்டுகிறவர் கடப்பாரையோடு நின்றார். துண்டை விரித்துக் காட்டினார்கள். அவர் பூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இதுக்கு எத்தினி ஆழம்?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. "கொறச்சலா வெட்டினா நாய் தோண்டிடும்," என்று அவரே சொல்லிக்கொண்டு இடுப்பு ஆழத்துக்கு வெட்டினார்.

போதகர் அடக்க ஆராதனைப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கம் பார்த்தார். இன்னொரு பக்கம் பார்த்தார். பூட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை. புத்தகத்தை மூடினார். மேளம் நின்றது. எல்லாரும் காத்திருந்தோம்.

"ஆண்டவரே," என்றார். "எனக்கு என்ன சொல்லணும்னு தெரியல."

புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"கையில இத்தனை சபையைக் குடுத்தீரு. தண்ணி மாதிரி விரல் வழியா ஒழுகுது. பூட்டச் சொல்லுதாங்க, சரிங்கேன். தொறன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. நீர் இருக்கீரான்னு கேக்கல. இருக்கீரு. ஏன் சும்மா இருக்கீருன்னுதான் கேக்கேன். நீர் பதில் சொல்லாட்டாலும் நாங்க உம்மகிட்டதான் வருவோம். வேற எங்க போக?"

சத்தம் போட்டு அழுதார். கடைத்தெருவில் அம்மா கையை விட்டுவிட்ட சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பாய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நெசவுக்காரர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள், செத்தவரின் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி.

பூட்டைக் குழியில் இறக்கினோம். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். பெட்டிக்காரன் மண் போடுவது வழக்கம் இல்லை.

பிறகு ஐயம்பேட்டைக்குப் போய்ப் பெட்டியை இறக்கினேன். அங்கே இருந்தது நிஜமான தாத்தா. நல்ல வயசு. இவ்வளவு யாரும் அழவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. அன்றைக்கு ஆராதனையில் எல்லாரும் கடைசிப் பாட்டை நீட்டி நீட்டிப் பாடினோம். முடித்தால் பூட்டுவார்கள். ஆபீஸ்காரர் பின் பெஞ்சில் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து போதகரிடம் கையை நீட்டினார்.

"பூட்டு?"

"அடக்கம் பண்ணியாச்சு சார்," என்றார் போதகர்.

"என்னது?"

"கல்லறையில. வெள்ளிக்கிழமை."

ஆபீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "தோண்டி எடுங்க," என்றார். குழி வெட்டுகிறவரும் எங்கள் சபைதான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"பொதச்சதத் தோண்டணும்னா தாசில்தார் வரணும் சார். போலீஸ் வரணும். நான் தனியா கை வெக்க முடியாது."

"அது பூட்டுய்யா!"

"யாரா இருந்தாலும் சார்."

ஆபீஸ்காரர் வேறு பூட்டு வாங்கக் கிளம்பினார். கடை காட்ட நான் கூடப் போனேன். கேட்டால் காட்ட வேண்டும். முனையில் பாய் கடைதான் இருந்தது. பாய் நல்லதாக ஒரு பூட்டை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"எந்தக் கதவுக்கு சார்?"

"அந்தச் சர்ச்சுக்கு."

பாய் பூட்டை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார். "துக்க வூடு சார் அது. இப்ப பூட்டு குடுக்க மாட்டேன். எங்கள்ல நாப்பது நாள் துக்கம் பாப்போம்."

"உங்க கணக்க நான் ஏன் பாக்கணும்?"

"மண்ணு போட்டவன் நான் சார்."

திரும்பி வந்தோம். அதற்குள் நெசவுக்கார அம்மா நாலு பேரோடு சர்ச் வாசலில் நின்றாள். என் வீட்டுக்காரி உள்ளே பெஞ்சில், முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி வாயை மூடிக்கொண்டு அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சார், சாவு வுழுந்த வூட்ட பதினாறு முடியற வரைக்கும் பூட்டக்கூடாது," என்றாள் நெசவுக்கார அம்மா. "வெளக்கு எரியணும்."

"இது வீடு இல்லம்மா. சர்ச்."

"சாமி வூடுதானே?"

"அந்த பாய் நாப்பதுங்கறார், நீங்க பதினாறுங்கறீங்க," என்றார் ஆபீஸ்காரர். கோபத்தில் சொன்னார். சொன்ன பிறகுதான், தானும் நாள் கணக்கில் இறங்கிவிட்டது அவருக்குத் தெரிந்தது.

"அவங்கவங்க மொறை அவங்கவங்களுக்கு," என்றாள் உள்ளே இருந்து என் வீட்டுக்காரி. "எங்கள்ல வருசம் திரும்பி நெனவு ஜெபம் வெச்சாத்தான் துக்கம் தீரும். நீங்களும் நம்மவங்கதானே சார். உங்க அம்மாவுக்கு வெச்சிருப்பீங்களே?"

அவர் கொஞ்சம் இறங்கிப் பேசினார். "வெச்சோம். அது ஆளும்மா."

"அழுததும் ஆளுங்கதான் சார்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஃபேன் நின்றது. மேலே பார்த்தார். பிறகு வெளியே போய்ப் பெரிய ஆபீஸருக்கு ஃபோன் போட்டார். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். காதில் விழுந்தது.

"சார், பூட்ட முடியல சார்... ஆட்சேபணை இல்ல சார், துக்கம்... யாரும் இல்ல சார், பூட்டுதான் சார் போயிடுச்சு... போயிடுச்சுன்னா, அடக்கம் பண்ணிட்டாங்க சார்... இல்ல சார், நான் நல்லாத்தான் இருக்கேன்."

உள்ளே வந்து, அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் என்றார். அது வரைக்கும் இப்படியே இருக்கட்டும் என்றார். சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்துப் பார்த்தார். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காணிக்கைப் பையில் போட்டுவிட்டுப் போனார்.

போதகர் முழங்கால் போட்டார். பெரிய ஜெபம் எதுவும் செய்யவில்லை. "சரி ஆண்டவரே," என்று மட்டும் சொன்னார்.

அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. கூட்டம் கூடவில்லை. ஜெப வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. பெரியவர் இப்போதும் தூங்குகிறார். கமிட்டி என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சில சமயம் நெசவுக்கார அம்மா வந்து கடைசிப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டுப் போகிறாள். என்ன என்று கேட்டால், "வூட்டுல அழ எடம் இல்லம்மா," என்கிறாள். கதவு திறந்திருக்கிறது. என் வீட்டுக்காரி தெருவைத் தாண்டிப் போகிறாள், வருகிறாள். போதகர் இப்போது புலம்புங்கள் என்று சொல்வதில்லை. அவரே ஆரம்பித்துவிடுகிறார்.

போன வாரம் மாகறல் பக்கத்தில் இருந்து ஒரு ஃபோன் வந்தது. பெட்டி வேண்டும் என்றார்கள். ஆணா பெண்ணா என்று கேட்டேன்.

"எங்க சபைக்கும் ஆபீஸ்ல இருந்து வந்துட்டுப் போனாங்கண்ணே," என்றது குரல்.

"பூட்டு குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

பெட்டியை ஏற்றினேன். வண்டியின் மறுபக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் என் வீட்டுக்காரி நிற்கிறாள், ஒரு கையில் தடி, ஒரு கையில் துண்டு. முக்காலி கொண்டுவந்து போட்டேன். ஏறி உட்கார அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

"உயிரோட ஏற மாட்டேன்னு சொன்ன?" என்றேன்.

"அழப் போறவளுக்கு அதெல்லாம் கெடையாது. வண்டிய எடு."

எதிரே சர்ச் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. ஃபேன் மட்டும் சுற்றியது.

"கதவு?" என்றேன்.

"கெடக்கட்டும்யா," என்றாள். "இன்னும் வருசம் திரும்பல."